சொன்னவர் பெயரில் அச்சாகட்டும்

மாவட்டச் செய்திப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு இந்தத் தலைப்புகள் மனப்பாடம்: 'வடமாநில வாலிபர் பலி', 'வடமாநிலத் தொழிலாளர்கள் மோதல்', 'இலங்கை அகதி கைது'. இப்படிப்பட்ட செய்திகளை அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன். மடுகரையில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரச் செய்தியாளர். மீதி நேரத்துக்குக் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை. நெட்டப்பாக்கம் கொம்யூனில் ஏரி உடைந்தாலும், தீமிதி நடந்தாலும், லாரி கவிழ்ந்தாலும் என் போன்தான் அடிக்கும். எங்கள் ஊர் புதுச்சேரி மாநிலத்தின் ஓரம். பக்கத்துச் சிறுவந்தாடு தமிழ்நாடு. டீ குடிக்கப் போய்விட்டு வருவதற்குள் மாநிலம் மாறிவிடும். எல்லையோரத்தில் பிழைப்பவர்களுக்கு, அந்தப் பக்கத்து ஆள், இந்தப் பக்கத்து ஆள் என்ற கணக்கெல்லாம் பழகிப்போன ஒன்று.

ஒரு தொழிற்சாலை விபத்துச் செய்தி எப்படித் தயாராகிறது என்று சொல்கிறேன். திருபுவனை, திருவண்டார்கோயில் பக்கம் இயந்திரத்தில் சிக்கி ஒரு பீகார் பையன் இறந்துபோகிறான் என்று வையுங்கள். தகவல் போலீசிடமிருந்து வரும். எஃப்.ஐ.ஆரில் அவன் பெயர் ஒரு மாதிரி இருக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டில் வேறு மாதிரி இருக்கும். மேலாளர் ஒரு வார்த்தை சொல்வார். கூடத் தங்கியிருந்த பையன்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் போய் என்ன நடந்தது என்று கேட்க நிருபருக்கு இந்தி வராது. காண்ட்ராக்டர் மொழிபெயர்ப்பார். ஷிஃப்ட் எத்தனை மணி நேரம் என்று நிருபர் கேட்டால் பையன் நான்கு வாக்கியம் பேசுவான். காண்ட்ராக்டர் "எட்டு மணி நேரம்தான் சார்" என்பார். கூலி கொடுப்பவரே மொழிபெயர்ப்பாளராகவும் நிற்கும் பேட்டியில் உண்மை எப்படி வரும்?

வயலிலும் இதே கதைதான். இப்போது எங்கள் பக்கம் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கயிறு பிடித்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து, ஒரு குழுவாக அவர்கள் நடுகிற வேகத்தைப் பார்க்க ஊரே வரப்பில் நிற்கும். ஒரு சேனலிலிருந்து கேமராவோடு வந்தார்கள். சேற்றில் நின்றவர்களைப் படம் பிடித்தார்கள். மைக்கை வரப்பில் நின்ற நிலத்துக்காரரிடம் நீட்டினார்கள். "நல்லா உழைப்பாங்க சார், பேச்சே இருக்காது" என்றார் அவர். பேசச் சொல்லி யாரும் கேட்காதவர்களுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்!

இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். புலம்பெயர்ந்து வந்தவர்களும் அகதிகளும் தங்கள் கதையைத் தாங்களே பத்திரிகையில், வானொலியில், காணொளியில் சொல்ல நாம் எப்படி உதவுவது? உதவி என்றால் 'நாங்கள் உங்களைப் பற்றி எழுதுகிறோம்' என்பதல்ல. எந்தக் கதையைச் சொல்வது என்று முடிவெடுக்கும் உரிமையை அவர்கள் கையில் கொடுப்பது. இதை எனக்குப் புரியவைத்தவர் ஒரு பெயிண்டர்.

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் காலாப்பட்டு தாண்டிக் கீழ்ப்புத்துப்பட்டு வரும். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரிந்த ஊர். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு இந்த முகாம்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அப்போது வந்த அரசுக் கணக்குப்படி மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்து வாழ்பவர்கள் இன்னொரு 34,000 பேர். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் உதவித்தொகை. அதில் குடும்பம் ஓடாது. ஆகவே ஆண்களில் பெரும்பாலோர் பெயிண்ட் வேலைக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் எந்த முகாமை எடுத்துக்கொண்டாலும் பெயிண்ட் டப்பா இல்லாத வீடு அபூர்வம்.

மடுகரையில் எங்கள் தெருவில் ஒரு புது வீட்டுக்கு வண்ணம் அடிக்க அந்த முகாமிலிருந்து ஒரு குழு வந்தது. அதில் மூத்தவர் என் கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். "சார், இது கொஞ்சம் மங்கலா இருக்கு" என்று சுத்தமான விழுப்புரத் தமிழில் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. "ஓம் அம்மா, சாப்பிட்டனான். நீங்கள் படுங்கோ" என்றார். நான் பத்திரிகைக்காரன் என்று தெரிந்ததும் சிரித்தார். "அப்ப நீங்களும் படகில வந்த கதையைத்தான் கேப்பீங்கள், அண்ணை."

மன்னாரிலிருந்து 1990இல், ஏழு வயதில் வந்தவர். அந்த ஆண்டு ஜூனில் மீண்டும் மூண்ட போர், ஆயிரக்கணக்கான குடும்பங்களை ராமேஸ்வரம் கரைக்குத் தள்ளியது. மண்டபத்தில் பதிவு, பிறகு முகாம். ஆராய்ச்சி மாணவர்கள், தொண்டு நிறுவனத்தார், நிருபர்கள் என்று யார் வந்தாலும் அவரிடம் கேட்பது அந்த ஒரு ராத்திரியைத்தான். "படகில நான் நித்திரை அண்ணை. ஒண்டும் ஞாபகமில்லை. அம்மா சொன்னதைத்தான் நான் சொல்லுறன். முப்பது வருசத்துக்கு மேல இங்க பெயிண்ட் அடிக்கிறம், இதை ஒருத்தரும் கேக்கேல்லை."

கேட்டேன். என்ன சொல்ல ஆசைப்படுகிறீர்கள், தம்பி? அவர் யோசிக்கவே இல்லை. "நான் அடிச்ச வீடுகள்."

எழுதத் தயங்கினார். பத்தாம் வகுப்போடு நின்றவர், பேனா பிடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. போனில் குரல் பதிவு செய்வது எல்லோருக்கும் தெரியும். மாலையில் பட்டி பார்த்த சுவர் காயும் நேரத்தில், உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, போனை ஜன்னல் திட்டில் சாய்த்துப் பேசினார். நான் எதுவும் கேட்கவில்லை. வில்லியனூர், மூலக்குளம், அரியூர் என்று மனைகள் பெருகப் பெருக அவர் அடித்த வீடுகள் வரிசையாக வந்தன. எந்த வீட்டில் பூஜை அறைக்கு மட்டும் நான்கு தடவை நிறம் மாற்றச் சொன்னார்கள், எந்த வீட்டில் மதியச் சாப்பாடு போட்டார்கள், எந்த வீட்டில் பின்வாசல் குழாயில் மட்டும் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின ராத்திரி வேலை முடிக்க அங்கேயே படுத்துக்கொள்வார்களாம். "புது வீட்டில முதல் படுக்கிறது நாங்கதான் அண்ணை. வீட்டுக்காரர் ரெண்டாவதுதான்" என்று ஒரு வரி வந்தது. எழுதத் தெரிந்த நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் இந்த வரி எனக்கு வந்திருக்காது. அவர் வளர்ந்தது முகாமில், பத்துக்குப் பத்து அறையில்.

பதிவைக் கடையில் உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். அவர் 'எண்டு' என்றால் 'எண்டு'தான், 'என்று' என்று திருத்தவில்லை. பிறகு முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். உள்ளபடியே உதவி என்று சொன்னால் இந்த வாசித்துக் காட்டும் வேலைதான். ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். மன்னாரில் இருக்கும் மாமாவின் பெயரை எடுக்கச் சொன்னார். படகோட்டியின் ஊரையும் எடுக்கச் சொன்னார். ஒரு வீட்டுக்காரர் கூலியில் பாக்கி வைத்த கதையில் தெருவின் பெயரை எடுத்தார், கதையை வைத்துக்கொண்டார். "பேர் போடுங்கோ. என்ர பேர்தானே. அப்பாட பேர் மட்டும் வேண்டாம்." நிருபருக்கு ஒரு பெயர் வெறும் தகவல். அவருக்கு அது கரையில் நிற்கும் ஒரு சொந்தக்காரர். மறுநாள் பதிவுக்குக் கையெழுத்துப் போடப் போகும்போது போலீசின் கியூ பிரிவில் கேட்கப்படும் ஒரு கேள்வி. எது ஆபத்து என்பது அவருக்குத்தான் தெரியும், நமக்குத் தெரியாது. அச்சுக்குப் போகும் வரை எந்த வரியையும் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமை சொன்னவருக்கு வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஒரு வார இதழுக்குப் பேசினேன். உதவி ஆசிரியர் ஆர்வமாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்லாருக்கு பிரதர். ஆனா படகுல வர்ற சீன் வேணும். அம்மா அழுற மாதிரி ஒரு போட்டோ. நீங்களே உங்க பேர்ல எழுதிடுங்க, அவர் பேரைக் கடைசியில போட்டுக்கலாம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. பத்திரிகைத் தொழிலில் வாடிக்கையே இதுதான். கேட்பவர் எழுத்தாளர் ஆகிவிடுவார், சொன்னவர் 'பெயர் வெளியிட விரும்பாத முகாம்வாசி' ஆகிவிடுவார்.

சினிமாவும் அப்படித்தான் பழகியிருக்கிறது. 'தெனாலி' 2000இல் வந்தது. எதற்கெடுத்தாலும் பயப்படும் ஈழத்தமிழனைப் பார்த்துத் தமிழ்நாடே சிரித்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2025இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' வந்து ராமேஸ்வரத்தில் இறங்கும் ஒரு குடும்பத்தை அன்போடு காட்டியது, தியேட்டர்கள் நிறைந்தன. மாற்றம்தான், மறுக்கவில்லை. என்றாலும் இரண்டிலும் கதையைச் சொன்னது இந்தக் கரைக்காரர்கள்.

அந்தக் கரைக்காரர் சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. தொ. பத்திநாதன் மன்னார்ப் பகுதியிலிருந்து 1990இல் அகதியாக வந்தவர். முகாமில் வளர்ந்தவர், கூலி வேலைகள் செய்தவர். அவர் எழுதிய 'போரின் மறுபக்கம்' 2007இல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. முகாம் வாழ்க்கையை முகாமுக்குள்ளிருந்தே எழுதிய புத்தகம். முகாமில் தலை எண்ணும் செக்கிங் நாளில் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து வரிசையில் நிற்பது, வேலை தேடிப் போகிற இடத்தில் எந்த ஊர் என்ற கேள்விக்குத் தயங்குவது போன்றவற்றை வெளியிலிருந்து போகும் நிருபர் எழுதவே முடியாது. முதல் காரணம், அவர் உள்ளே போகவே அனுமதி வாங்க வேண்டும். பிரான்சுக்கு அகதியாகப் போன ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. அவர் நடித்த 'தீபன்' 2015இல் கான் திரைப்பட விழாவின் தங்கப் பனை விருதை வாங்கியது. பத்திநாதனுக்குப் பதிப்பகம் கிடைத்தது. அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

சொந்தக் குரல் இல்லாத இடத்தை யார் யாரோ வந்து நிரப்பிவிடுவார்கள். 2023 மார்ச் மாதத் தொடக்கத்தை மறந்திருக்க மாட்டீர்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று காணொளிகள் பரவின. ஒன்று, பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டது. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. டி.ஜி.பி. சைலேந்திரபாபு இவை பொய் என்று காணொளியில் பேசினார், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது, மணீஷ் காஷ்யப் என்ற யூடியூபர் கைதானார். அதற்குள் பயந்த பலர் ரயில் ஏறிவிட்டார்கள். இத்தனை அமளியிலும் யாருக்காகப் பேசுவதாக எல்லோரும் சொன்னார்களோ அந்தத் தொழிலாளியின் குரல் எத்தனை நிமிடம் ஒலித்தது? 'நான் இங்கே நன்றாக இருக்கிறேன்' என்று அவரைச் சொல்லவைத்த காணொளிகளும் வந்தன. பக்கத்தில் முதலாளி நிற்க, கேமராவைப் பார்த்துச் சொன்னவை. அது பொய் என்று நான் சொல்லவில்லை. அதுவும் அவருடைய கதை ஆகாது என்றுதான் சொல்கிறேன்.

பத்திரிகை இடம் தராவிட்டால் அவர்களே நடத்தலாம் என்று காட்டியவர்களும் உண்டு. கென்யாவின் வடமேற்கில் காகுமா என்ற பெரிய அகதி முகாம். அங்கிருந்த எத்தியோப்பிய அகதிப் பத்திரிகையாளர் ஒருவர் மற்ற நாட்டு அகதிகளையும் சேர்த்துக்கொண்டு 2008இல் 'கனேரே' என்ற செய்தி ஏட்டைத் தொடங்கினார். ரேஷன் குறைந்ததையும் முகாம் நிர்வாகத்தின் குறைகளையும் முகாமில் இருப்பவரே எழுதினார். நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குர்து இனத்தவரான பெஹ்ரூஸ் பூச்சானியின் கதை இன்னும் நெருக்கமானது. ஈரானிலிருந்து தப்பி 2013இல் படகில் ஆஸ்திரேலியாவை எட்டியவரை அந்த அரசு மானுஸ் தீவில் அடைத்துவைத்தது. ஒளித்து வைத்திருந்த போனில், வாட்ஸ்அப் செய்திகளாகப் பாரசீக மொழியில் துண்டு துண்டாக ஒரு புத்தகத்தையே அனுப்பினார். வெளியே இருந்த மொழிபெயர்ப்பாளர் ஓமித் தொபீகியான் அதை ஆங்கிலமாக்கினார். புத்தகம் 2018இல் வந்தது. அடுத்த ஜனவரியில் விக்டோரியா மாநிலத்தின் உயர்ந்த இலக்கியப் பரிசை வென்றது. பரிசு அறிவித்த நாளில் எழுதியவர் தீவில்தான் இருந்தார். இதில் உதவியவர்களைக் கவனியுங்கள். மொழிபெயர்த்தார்கள், தொகுத்தார்கள், பதிப்பகம் தேடினார்கள். அட்டையில் இருப்பது பூச்சானியின் பெயர்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் கட்டுமான வேலைக்குப் போகும் சிங்கப்பூரிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2013 டிசம்பர் 8 அன்று பேருந்தில் அடிபட்டுத் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் இறக்க, லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. வெளிநாட்டுத் தொழிலாளி என்றாலே பயந்து பேசிய அந்தச் சூழலில், 2014இல் அவர்களுக்கென்று ஒரு கவிதைப் போட்டி தொடங்கியது. வங்கதேசத் தொழிலாளர்களோடு ஆரம்பித்து, பிறகு மற்ற மொழிகளுக்கும் விரிந்தது. பகலில் சாரத்தில் நின்றவர் ராத்திரியில் மேடையேறித் தன் தாய்மொழியில் வாசித்தார். அவர் குரலைக் கேட்க ஊர்க்காரர்கள் கீழே உட்கார்ந்திருந்தார்கள்.

புதுச்சேரிக்காரர்களாகிய நமக்கு இது தொலைதூரக் கதையல்ல. 1853இல் 'ஒரேலி' கப்பல் நம் துறைமுகத்திலிருந்து கூலிகளை ஏற்றிப்போய் மர்த்தினிக் தீவில் இறக்கியது. குவாதலூப், ரீயூனியன் தீவுகளுக்கும் எத்தனையோ கப்பல்கள் போயின. போனவர்களைக் கப்பல் பட்டியலில் தேடலாம், தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் தேடலாம். அவர்கள் வாயால் சொன்னது தேடினாலும் அரிது. குவாதலூப்பில் பிறந்த ஆன்ரி சிதம்பரம் 1904இல் தொடங்கி, இந்திய வம்சாவளியினரும் பிரெஞ்சுக் குடிமக்கள்தான், ஓட்டுரிமை உண்டு என்று வழக்காடி, 1923இல் அதை வென்றார். வழக்கின் ஆவணங்களைத் தாமே நூலாகவும் தொகுத்தார். அதனால்தான் அந்தப் போராட்டம் அவர் குரலிலேயே நமக்குக் கிடைக்கிறது.

நூறாண்டு கழித்து இங்கேயும் ஒரு ஓட்டுக் கதை. திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த நளினி 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்பது சட்டம். பாஸ்போர்ட் மறுக்கப்பட்டதும் நீதிமன்றம் போனார். 2022இல் மதுரைக் கிளை அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2024 ஏப்ரல் 19 அன்று வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். பத்திரிகைகள் அவரைத் தேடிப்போய்ப் பேசின, அவரும் தெளிவாகப் பேசினார். அதைப் படித்த பிறகே தங்களுக்கும் இப்படி ஓர் உரிமை இருக்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கியவர்கள் முகாம்களில் உண்டு. நம் பெயிண்டரின் மனைவி அவர்களில் ஒருவர்.

நம் ஊரில் என்ன செய்யலாம்? காலாப்பட்டில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 'புதுவை வாணி' என்ற சமுதாய வானொலியை 107.8 அலைவரிசையில் நடத்துகிறது. கீழ்ப்புத்துப்பட்டு முகாம் அங்கிருந்து சில கிலோமீட்டர்தான். சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப விதி இடம் தராது, ஆகாசவாணிச் செய்தியைத்தான் அஞ்சல் செய்யலாம். ஆனால் ஒரு பெயிண்டர் தன் வேலையைப் பற்றிப் பேசுவது செய்தியல்ல, ஒரு வங்காளிப் பெண் தன் ஊர் நடவுப் பாட்டைப் பாடுவதும் செய்தியல்ல. வாரம் அரை மணி நேரம் போதும். பல்கலைக்கழகத்தில் இந்தியும் வங்காளமும் தெரிந்த மாணவர்கள் இருக்கிறார்கள். காண்ட்ராக்டருக்குப் பதில் அவர்கள் மொழிபெயர்க்கட்டும்.

பணத்தையும் பேசிவிட வேண்டும். எழுதிய எனக்குச் சன்மானம் வரும், சொன்னவருக்கு 'விழிப்புணர்வு' வரும் என்பது அநியாயம். ஒரு நாள் உட்கார்ந்து பேசினால் பெயிண்டருக்கு ஒரு நாள் கூலி போகிறது. சன்மானத்தை அவர் பெயருக்கு அனுப்புங்கள். வங்கிக் கணக்கில் சிக்கல் இருந்தால் கையில் கொடுங்கள். தட்டச்சு செய்தவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் அவரவர் பங்கு தனி.

முகத்தைப் படம் எடுக்கக் கேட்காதீர்கள், கையை எடுங்கள், சுவரை எடுங்கள். குழந்தைகளை விட்டுவிடுங்கள். சொல்ல வராததைத் தோண்டாதீர்கள். அழுகை வந்தால் பதிவை நிறுத்துங்கள், அதைத் தலைப்பாக்காதீர்கள்.

'நான் அடித்த வீடுகள்' என் கணினியில் தயாராக இருக்கிறது. நான்கு பக்கம் வரும். சொன்னவர் பெயர் மேலே, உதவியவன் பெயர் வேண்டியதில்லை. படகுக் காட்சி கிடையாது. அப்படியே போட விருப்பமுள்ள ஆசிரியர்கள் இந்த இதழின் முகவரிக்கு எழுதலாம். சன்மானம் பெயிண்டருக்கு.